ஆபிரகாம் வால்டு - நீலகிரியில் முடிந்த பயணம்

போன வாரம் ஆபீஸில் ஒரு ஆணி. வெப்சைட்டுக்கு ரெண்டு டிசைன், எதில் ஆட்கள் அதிகம் க்ளிக் பண்றாங்கன்னு பார்க்கணும். தினமும் காலையில் டேமேஜர் வந்து "ஜெயிச்சிடுச்சா?" என்பார். தினம் எட்டிப் பார்த்து, பிடிச்ச நாளில் நிறுத்தினா கணக்கு தப்பாயிடும் சார்னு சொல்லிப் பார்த்தேன். கேட்கலை. தேடினப்போதான் தெரிஞ்சது, எட்டிப் பார்த்துக்கிட்டே நடத்துற சோதனை 1943-லேயே வந்தாச்சு. கண்டுபிடித்தவர் ஆபிரகாம் வால்டு.

திரும்பி வந்த போர் விமானங்களில் குண்டு படாத இடத்துக்குத்தான் கவசம் போடணும்னு சொன்னவர் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுத்துமே, அந்த வால்டுதான். ஆனால் மனுஷன் முக்கியமான எகனாமெட்ரிக்ஸ் ஆள். அந்தக் கதையை யாரும் ஃபார்வர்டு பண்றதில்லை :)

1902-ல் கொலோஸ்வாரில் பிறந்தார். அப்போது ஹங்கேரி, இப்போது ருமேனியா. யூதக் குடும்பம். ஓய்வுநாளான சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் உண்டு என்பதால் வீட்டிலேயே படிப்பு. 1931-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் கார்ல் மெங்கரிடம் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால் யூதருக்கு அங்கே பல்கலைக்கழக வேலை கிடைக்கிற காலமில்லை. கார்ல் ஷ்லெசிங்கர் என்ற பேங்கருக்கு கணக்கு ட்யூஷன் எடுத்தார். ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்ன் தன் வர்த்தகச் சுழற்சி ஆய்வு நிலையத்தில் வேலை கொடுத்தார். சுத்தமான கணிதக்காரர் பொருளாதாரத்துக்கு வந்தது வயித்துப்பாட்டுக்காகத்தான்.

வந்த இடத்தில் சும்மா இருக்கலை. எல்லாச் சந்தையிலும் ஒரே நேரத்தில் தேவையும் வரத்தும் சமமாகிற விலைகள் நிஜமாவே இருக்கா? சில நிபந்தனைகளோடு, இருக்குன்னு 1930-களின் நடுவில் நிரூபித்தார். 1936-ல், புள்ளிவிவரத்திலிருந்து பருவகால ஏற்ற இறக்கத்தைப் பிரித்தெடுப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார்.

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். அமெரிக்காவின் கௌல்ஸ் கமிஷன் கூப்பிட்டதால் வால்டு தப்பினார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகம். ரெண்டு அளவுகளிலுமே பிழை இருந்தா கோடு எப்படிப் போடுறது? புள்ளிகளை ரெண்டு குழுவாப் பிரி, ஒவ்வொன்றுக்கும் சராசரி எடு, ரெண்டையும் சேர்த்துக் கோடு போடு. 1940-ல் வந்த இந்த எளிய வழி இன்னைக்கும் எகனாமெட்ரிக்ஸ் பாடத்தில் அவர் பேரிலேயே இருக்கு. 'வால்டு டெஸ்ட்'டும் இவரோடதுதான்.

போர்க்காலத்தில் கொலம்பியாவின் புள்ளியியல் ஆய்வுக் குழுவில் இருந்தார். விமானக் கணக்கு அங்கே போட்டதுதான். ஆலன் வாலிஸும் மில்டன் ஃப்ரீட்மனும் கொண்டுவந்த கேள்வியிலிருந்து பிறந்ததுதான் எட்டிப் பார்க்கும் சோதனை. ஒவ்வொரு புள்ளி வந்ததும் ரெண்டு ஊகங்களில் எதுக்கு ஆதரவு எவ்வளவுன்னு கணக்கிடணும். மேல் எல்லையைத் தாண்டினா ஒரு முடிவு, கீழ் எல்லையைத் தாண்டினா இன்னொன்று, நடுவில் நின்னா இன்னும் டேட்டா சேர். 1945 வரை இது ரகசியம்.

அதே நேரத்தில் ஐரோப்பாவில் அவர் குடும்பத்தில் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். ஒரு சகோதரர் மட்டும் பிழைத்தார். தப்பி வந்தவர்களை மட்டும் பார்த்து முடிவெடுக்காதே என்பதை இவரைவிட வேறு யார் சொல்லியிருக்க முடியும்?

1950-ல் இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற மனைவியோடு வந்தார். டிசம்பர் 13 அன்று அவர்கள் வந்த ஏர் இந்தியா விமானம் நீலகிரி மலையில் மோதியது. ரெண்டு பேருமே இறந்துபோனார்கள். அவருக்கு வயது 48. மகன் ராபர்ட்டுக்கு அப்போது 3 வயது. அந்தப் பையன்தான் பின்னாளில் பொதுச் சார்பியலுக்குப் பாடப்புத்தகம் எழுதிய இயற்பியலாளர் ராபர்ட் வால்டு.

ஊட்டிக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன். இது தெரியாமலே போயிட்டு வந்திருக்கேன்.

அந்தச் சோதனையை ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டா எழுதி ஓட விட்டிருக்கேன். டேமேஜர் தினமும் எட்டிப் பார்க்கலாம். இன்னும் எந்த எல்லையையும் தாண்டலை.