தொழிலிட இரைச்சலும் செவித்திறன் இழப்பும்

வேலை செய்யும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் உரத்த ஒலியில் இருப்பதால் உட்செவியில் ஏற்படும் நிரந்தரச் சேதமே தொழிலிட இரைச்சல்வழிச் செவித்திறன் இழப்பு. உலகில் வயதுவந்தோரின் கடுமையான காதுகேளாமையில் சுமார் 16 சதவீதம் இதனால் வருவது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. செம்பு தட்டும் கன்னார்கள் செவிடாவதை இத்தாலிய மருத்துவர் ராமசினி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவு செய்தார். 1886இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்பவர் கொதிகலன் செய்வோர், வார்ப்படத் தொழிலாளர், தபால்காரர் ஆகியோரின் செவித்திறனை ஒப்பிட்டு, கொதிகலன் செய்வோரே மிகுதியாகப் பாதிக்கப்பட்டதைக் காட்டினார். காரணமும் தடுக்கும் வழியும் தெரிந்த ஒரு நோய் இன்னும் நீடிக்கிறது. இயந்திரத்தின் மேல் வைக்க வேண்டிய பொறுப்பைத் தொழிலாளியின் காதின் மேல் வைத்ததே இதற்கு முதன்மைக் காரணம்.

கொஞ்ச நாளில் சத்தம் பழகிவிடும் என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் வாதம். உண்மையில் பழகுவதாகத் தோன்றுவதே நோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். உட்செவியின் நத்தைச்சுருளில் ஒலியதிர்வை நரம்புச் சைகையாக மாற்றும் மயிர்ச்செல்கள் மனிதருக்கு ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் காது அடைத்து, மறுநாள் தெளிவதால் பலர் பொருட்படுத்துவதில்லை; அந்த அடைப்பு திரும்பத் திரும்ப வரும்போது இழப்பு நிலைத்துவிடுகிறது. பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகே அது தொடங்கும். அப்போது ச, த, ப போன்ற மெய்யொலிகள் மங்கும். பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பது பிடிபடாது. வலியோ இரத்தமோ இல்லாத இந்தச் சேதத்தை முதுமையின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. முதுமையும் செவியைக் குறைக்கும் என்பது சரிதான். அதனால்தான் தாமஸ் பார் செய்ததுபோல, அமைதியான தொழிலில் இருப்பவரோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. தீங்கு காதோடு நிற்பதும் இல்லை. ஓயாத இரைச்சல் இரத்த அழுத்தத்தை உயர்த்துவதோடு தொடர்புடையது. எச்சரிக்கைக் குரல் கேட்காமல் விபத்தும் நேரும். டொலுயின், ஸ்டைரீன் போன்ற கரைப்பான்களின் ஆவி சேர்ந்தால் செவியின் சேதம் கூடுகிறது.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இரைச்சல்வழிச் செவித்திறன் இழப்பை அறிவிக்கத்தக்க நோயாகப் பட்டியலிட்டது. அதன்கீழ் வந்த விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பிட்டன. அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது 85. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கும் நேரம் பாதியாகும். குமாரபாளையம், பள்ளிபாளையம், சோமனூர்ப் பகுதிகளின் விசைத்தறிக் கூடங்களில் 12 மணி நேர ஷிஃப்ட் வழக்கம். ஒரு கூடத்தில் 97 டெசிபல் இருந்தால் அந்தக் கணக்குப்படி அரை மணி நேரமே பாதுகாப்பு. 12 மணி நேரம் தறி ஓட்டுபவர் அங்கே பெறுவது அனுமதிக்கத்தக்க ஒருநாள் அளவைப்போல் 24 மடங்கு. பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் கூடங்கள் பொதுவாகத் தொழிற்சாலை என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை.

காதடைப்பான் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். 30 டெசிபல் குறைக்கும் தரமான அடைப்பானை 8 மணி நேரத்தில் அரை மணி மட்டும் கழற்றி வைத்தாலும், அன்றைய சராசரிப் பாதுகாப்பு சுமார் 12 டெசிபலாகச் சரியும். வியர்வையில், நூல் அறுந்த சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டிய வேலையில், அதைக் கழற்றுபவரைக் குறை சொல்வது நியாயமில்லை. ஊடைநூலைக் கொண்டுசெல்லும் நாடாவைப் பிக்கர் என்ற பாகம் அடித்து எறிவதே தறி இரைச்சலின் பெரும்பங்கு. தேய்ந்த பாகங்களை மாற்றுவது, தறிக்காலின் கீழ் ரப்பர் வைப்பது, கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை பொருத்துவது, முடிந்த இடத்தில் நாடா இல்லாத தறிக்கு மாறுவது ஆகியவை சத்தத்தைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பவை. கூலிக்கு நெய்துகொடுக்கும் சிறு உரிமையாளருக்கு இந்தச் செலவு தாங்காது என்ற மறுப்பில் உண்மை உண்டு. அவரும் பல இடங்களில் அதே கூடத்தில் காது கொடுப்பவர்தான். ஆகவே தறி நவீனமயமாக்கலுக்குத் தரும் அரசு மானியத்தில் இரைச்சல் குறைப்பையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். வேலையில் சேரும் நாளிலேயே செவிச்சோதனை செய்து முடிவுத் தாளைத் தொழிலாளியிடம் தருவதற்கு ஆகும் செலவு சொற்பம். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் இரைச்சலால் வரும் செவிக்குறையைத் தொழில்நோய் என ஏற்றிருந்தும், அந்தத் தாள் இல்லாதவரால் தன் இழப்பை நிறுவுவது மிகக் கடினம்.