பயனர் என்று யாரைச் சொல்கிறோம்?

2012 கோடை விடுமுறையில், வடக்குத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று பெண்கள் வந்து போனார்கள். அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தார்கள். அரசு விலையில்லா மடிக்கணினி கொடுத்த முதல் வருடம் அது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில், அந்த ஓராண்டுக்கு மட்டும் சுமார் 9 லட்சம் கணினிகள் தருவதாக அறிவித்திருந்தார்கள். விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. கட்டற்ற மென்பொருள் என்ற சொல்லையே கேள்விப்படாத இத்தனை பெண்களின் பெயரில் அது வந்து சேர்ந்தது, தமிழ்நாட்டில் அதற்கு முன் நடந்ததில்லை.

பெயரில் என்றுதான் சொல்ல வேண்டும். மூவரில் ஒருத்தி வெறுங்கையோடு வந்தாள். "லேப்டாப் எங்கடி?" என்றேன். "அண்ணங்கிட்ட இருக்குக்கா. அது தூங்கினப்புறம்தான் நான் எடுப்பேன்." இன்னொருத்தியின் கணினியில் லினக்ஸே இல்லை. பாட்டு ஏற்றிக்கொடுத்த கடைக்காரர், 'இது எதுக்கும்மா உனக்கு?' என்று அழித்துவிட்டிருந்தார். அவளை யாரும் கேட்கவில்லை.

கேட்டு மாற்றிய வரலாறு கட்டற்ற மென்பொருளுக்கு உண்டு. போஸில் அந்தப் பெண்கள் பார்த்த திரை, க்னோம் என்ற மேசைத்தளத்தின் வழி வந்தது. 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஊழியர்கள் 12 பேரை அழைத்து, க்னோமைத் தந்து, சின்னச் சின்ன வேலைகளைச் செய்யச் சொல்லிப் பக்கத்திலிருந்து கவனித்தார்கள். அந்த அறிக்கையை எழுதியவர்களில் முதல் பெயர் சூசன்னா ஸ்மித். நிரல் எழுதுபவர்களுக்குப் பழகிப்போன சொற்கள் மற்றவர்களுக்கு விளங்கவில்லை என்பது அதில் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே க்னோம் 2.0 எளிமையான முகத்தோடு வெளிவந்தது. இடைமுக வடிவமைப்புக்கான வழிகாட்டி நெறிகளும் வெளிவந்தன. வெறும் 12 பேர்தான்! ஆனால் அவர்கள் தடுமாறியபோது, குறிப்பெடுக்க ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

வழக்கமான முறை வேறு. வழுக்களைப் பதிய ஒரு தளம் இருக்கும். குறை இருந்தால் வந்து எழுதலாம். கதவு திறந்துதான் இருக்கிறது என்பார்கள். மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலம், பதிப்பு எண், கூடவே நேரம், இவ்வளவும் உள்ளவர்களுக்கு அது திறந்த கதவுதான். இதே க்னோம் 2006இல், கூகுளின் கோடைக்காலப் பயிற்சிக்கு 181 விண்ணப்பங்களைப் பெற்றது. அதில் ஒரு பெண்கூட இல்லை. பிறகு பெண்களுக்கென்று தனியாக அறிவித்தபோது சுமார் நூறு பேர் விண்ணப்பித்தார்கள். அந்தப் பெண்கள் திடீரென்று முளைத்துவிடவில்லை. பின்னாளில் அவுட்ரீச்சி என்று பெயர்பெற்ற திட்டத்தின் தொடக்கம் அது.

அந்தக் கோடையில் நானும் ஒரு நோட்டுப் போட்டேன். ஆய்வு என்றெல்லாம் நினைக்கவில்லை. அவர்கள் கேட்டதை மறந்துவிடக்கூடாது, அவ்வளவுதான். தமிழில் தட்ட எந்த விசை? நான் எழுதி வைத்ததை வேறு யாரும் திறக்காமல் செய்ய முடியுமா? பார்த்ததையெல்லாம் அழிப்பது எப்படி?

இரண்டாவது கேள்விக்கு எனக்கு விடை தெரியும். தனிப் பயனர் கணக்கு, கடவுச்சொல். சொல்லியும் கொடுத்தேன். மறுவாரம் அவள் வந்து, "பாஸ்வேர்டு போட்டேன்னு வீட்ல சண்டைக்கா, எடுத்துட்டேன்" என்றாள்.

இதை எந்தப் படிவத்தில் எழுதுவது? சிக்கல் வர என்னென்ன செய்தீர்கள், வரிசையாக எழுதுக என்று வழு அறிக்கையில் ஒரு பகுதி இருக்கும். முதல் படி, அண்ணன் தூங்கக் காத்திருத்தல். மென்பொருளில் வழு ஏதுமில்லை என்று பதிலெழுதி மூடிவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் தவறில்லை. ஆனால் ஒரு கணினியை ஒருவர்தான் ஆள்கிறார், அவரே அதன் உரிமையாளர் என்ற எண்ணத்தில் செய்த பொருள் அது. கேட்டிருந்தால், கடவுச்சொல் போட்டதே வெளியில் தெரியாமல் ஒரு கோப்பை வைக்கும் வழி வேண்டும் என்று அவளே சொல்லியிருப்பாள்.

நான் அந்த நோட்டை யாருக்கும் அனுப்பவில்லை. 14 கேள்விகள் இருக்கின்றன. கடைசி இரண்டும் அவள் கையெழுத்தில்.