தந்தை படித்த கல்லூரி

மனிதர் யாவரும் சமமாகப் பிறந்தனர் என்று 1776இல் முரசறைந்து, மன்னனை மறுத்து, பிரபுப் பட்டங்களை ஒழித்த நாடு அமெரிக்கா. (அடிமைகளை உடைமையாக வைத்திருந்த கையே அதை எழுதிற்று என்பது வேறு கதை!) அந்நாட்டின் புகழ்மிக்க பல்கலைக்கழகங்கள் பலவற்றிலே, "உன் தந்தை எங்கே படித்தார்?" என்னும் கேள்வி இன்றும் இடம் வாங்கித் தருகிறது.

பழைய வழக்கம் போலும் என்று எண்ணிவிடுவோம். அன்று. 19ஆம் நூற்றாண்டிலே இதற்குத் தேவையே எழவில்லை. வந்தவர் பெரும்பாலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். தேர்வில் தேறினால் இடம் உண்டு. பின்னர்க் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அதே தேர்வை எழுதினர், வென்றனர், நுழைந்தனர். 1922இல் ஆர்வர்டு மாணவரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் யூதர். கலங்கினார் அதன் தலைவர் லாரன்சு லோவல். நூற்றுக்கு 15 என வரம்பு கட்ட முனைந்தார். வெளிப்படையான வரம்பை ஆசிரியர்கள் ஏற்கவில்லை. பெருங்கதவை மூட முடியாதவர்கள் வழியைக் குறுக்கினர்: 'பண்பு' பார்க்கப்பட்டது, புகைப்படம் கேட்கப்பட்டது. 1925இல் யேல் பல்கலைக்கழகம், இடங்களின் எண்ணிக்கைக்குக் கட்டிய வரம்பு, தேவையான தகுதி பெற்ற தன் பட்டதாரிகளின் மைந்தரைத் தடுக்காது என்று முடிவு செய்தது.

தம் பிள்ளைகள் தேறியவரை தேர்வே தகுதி! ஊரார் பிள்ளை தேறியதும் தகுதிக்குப் புது இலக்கணம்! இதுதானே நடந்தது?

விளைவு என்ன? ஆர்வர்டு மீதான வழக்கிலே வெளிவந்த கணக்கு கூறுகிறது: 2014 முதல் 2019 வரை பட்டம் பெறவிருந்த அணிகளுக்கு விண்ணப்பித்தவரில், பட்டதாரிகளின் பிள்ளைகள் நூற்றுக்கு 33 பேருக்கு மேல் இடம் பெற்றனர், ஏனையோர் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேரே.

"படித்தவர் பிள்ளை நன்றாகப் படிக்கும், அதிலென்ன வியப்பு?" என்பர் சிலர். நல்ல கேள்விதான். ஆர்வர்டு, பிரௌன் பொருளியலறிஞர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை தருகிறது. அதே பிள்ளை, அதே மதிப்பெண்ணோடு, பெற்றோர் படிக்காத இணையான பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டும்போது அந்தச் சலுகை பெரும்பாலும் மறைந்துவிடுகிறது! திறமையாயின் அது தெரு மாறினால் தேயுமோ?

அதே 2023இல், சேர்க்கையில் இனத்தைக் கருதலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கறுப்பின மாணவருக்கு இருந்த சிறு கைத்தாங்கல் போயிற்று. பரம்பரைச் சலுகையோ அந்த வழக்கிலே தப்பிற்று.

விட்டவர்களும் உண்டு. ஜான்சு ஆப்கின்சு 2014இல் கைவிட்டது. கல்வித் தரம் குன்றவில்லை. கலிபோர்னியா மாநிலமோ 2024இல் தனியார் பல்கலைக்கழகங்களிலும் இச்சலுகையைத் தடைசெய்யும் சட்டம் இயற்றிற்று. அது நடைமுறைக்கு வந்த 2025இல் ஸ்டான்போர்டு என்ன செய்தது? ஏழை மாணவருக்கென மாநிலம் தரும் உதவித்தொகைத் திட்டத்திலிருந்து விலகி, அதைத் தன் பணத்தால் ஈடுசெய்வதாகக் கூறிற்று. பட்டதாரிகளின் பிள்ளைகளுக்கான சலுகையை மட்டும் வைத்துக்கொண்டது.