மணப்பாட்டு வீடுகளும் நான் செய்த ஒரு தவறும்

உடன்குடிக்காரர்களுக்கு மணப்பாடு பக்கத்து ஊர். அதனாலேயே அதை உற்றுப் பார்க்காமல் இருந்துவிட்டோம். சின்ன வயதில் செப்டம்பர் 14 சிலுவைத் திருவிழாவுக்கு அப்பாவோடு குலசேகரன்பட்டினம் வழியாகப் போவேன். மணல் குன்றின் மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல். மறுபக்கம் கருமேனி ஆறு கடலில் சேரும் இடத்தில் தேங்கி நிற்கும் கழி. நடுவே வெள்ளை வெளேரென்று கோயில்கள்.

புயலில் சிக்கிய போர்ச்சுக்கீசியக் கப்பல் ஒன்று 1540-இல் இங்கே கரை சேர்ந்ததாம். நேர்ந்துகொண்டபடி அதன் தலைவன் முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து குன்றில் நட்டான் என்று ஊரில் சொல்வார்கள். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் தங்கிய குகை கடலைப் பார்த்தபடி இன்றும் இருக்கிறது. கடல் உப்பாக இருக்க, பக்கத்தில் உள்ள கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம் எழுந்தது 1581-இல்.

கோயில்களைப் பார்க்க வருகிறவர்கள் தெருக்களைப் பார்ப்பதில்லை. கடல் வாணிபத்திலும் இலங்கை வியாபாரத்திலும் சம்பாதித்த பரதவர் குடும்பங்கள் கட்டிய மாடி வீடுகள் அங்கே உண்டு. வளைவு வைத்த முகப்பு, உயரமான சன்னல், கனத்த சுண்ணாம்புச் சுவர். அந்தக் காலச் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்ப்பது வழக்கம். நம்ம ஊர்க் கருப்பட்டி காப்பிக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம்!

இனி என் தவறு. நான் ஓவர்சியராக இருந்த காலம். மணப்பாட்டு நண்பர் ஒருவர் தம் பூர்வீக வீட்டில் பூச்சு உதிர்கிறது என்று யோசனை கேட்டார். "சிமெண்ட் பூசுங்க, நூறு வருஷம் நிக்கும்" என்றேன். கூட வந்த வயதான கொத்தனார் மெதுவாகச் சொன்னார்: "சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடும்லா தம்பி. சிமெண்ட வச்சு அடைச்சிராதிய."

படித்தவன் நான், கேட்கவில்லை.

உப்புக்காற்றும் தரை ஈரமும் சுவருக்குள் எப்போதும் ஏறிக்கொண்டிருக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. உள்ளே தங்கும் உப்பு படிகமாகிச் செங்கல்லையே உடைத்துப் பொடியாக்கும். பத்து வருஷத்துக்குள் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. அதோடு செங்கல்லும் வந்தது. கடைசியில் முன்கட்டை இடித்தார்கள். நண்பர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

போன மாதம் போயிருந்தேன். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் தூத்துக்குடியிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும். விடுமுறைக்கு வந்து செப்பனிட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பழைய சுவருக்குச் சுண்ணாம்பே போதும். சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், முதலில் அவரைக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதைப் போல் விட்டுவிடாதீர்கள்.