பாட்டுப்பெட்டி யாருக்குச் சொந்தம்?

காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்குச் சொந்தம். மிதிவண்டி விஷயத்தில் யாருக்கும் இதில் சந்தேகம் வராது. ஆனால் கையடக்க எம்பி3 கருவிகள் வந்த புதிதில் இந்த எளிய விஷயமே பெரிய கேள்வியாகி நீதிமன்றம் வரை போனது.

1998-ஆம் ஆண்டு தென் கொரியாவின் சேஹான் நிறுவனம் 'எம்பிமேன்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் டயமண்ட் மல்டிமீடியா நிறுவனம் 'ரியோ பிஎம்பி300' கருவியை வெளியிட்டது. ரியோவின் நினைவகம் வெறும் 32 மெகாபைட். அன்று வழக்கத்தில் இருந்த தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு மெகாபைட் தேவை. ஆக, அரை மணி நேரப் பாட்டு மட்டும்தான் கொள்ளும். ஒரு குறுந்தகட்டில் உள்ளதுகூட முழுதாக அடங்காது.

இந்தச் சின்னக் கருவியைக் கண்டே அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் பயந்துவிட்டது. 1998 அக்டோபரில் வழக்குப் போட்டது. 1992-இல் வந்த ஒலிப்பதிவுச் சட்டப்படி, டிஜிட்டல் முறையில் பாட்டைப் பதிவு செய்யும் கருவிகளில் நகலெடுப்பதைக் கட்டுப்படுத்தும் வசதி இருக்க வேண்டும், உரிமைத் தொகையும் கட்ட வேண்டும். ரியோ அப்படிப்பட்ட கருவிதான் என்பது சங்கத்தின் வாதம்.

1999 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ரியோ தன் பாட்டுகளைக் கணினியின் வன்தட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வன்தட்டில் பாட்டு மட்டுமா இருக்கிறது? மென்பொருள்கள், கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஆகவே அது சட்டம் சொல்லும் 'இசைப்பதிவு' ஆகாது என்றது நீதிமன்றம். ஒருவர் தன்னிடம் ஏற்கெனவே உள்ள பாட்டைக் கையோடு கொண்டுபோவதற்காகப் படியெடுப்பது சொந்தப் பயன்பாடே என்றும் சொன்னது.

இந்தத் தீர்ப்பு வந்த அதே ஆண்டின் இறுதியில் அடுத்த பாய்ச்சல் நடந்தது. கம்பாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் வடிவமைத்த 'பர்சனல் ஜூக்பாக்ஸ்' விற்பனைக்கு வந்தது. அதற்குள் இருந்தது நினைவகச் சில்லு அல்ல, மடிக்கணினியில் இருப்பது போன்ற வன்தட்டு. கொள்ளளவு 4.8 கிகாபைட். சுமார் 100 குறுந்தகடுகளின் பாட்டு அதில் அடங்கும். 2000-ஆம் ஆண்டு சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 6 கிகாபைட் 'நோமட் ஜூக்பாக்ஸ்' கருவியையும், பிரான்சின் ஆர்க்கோஸ் நிறுவனம் 'ஜூக்பாக்ஸ் 6000' கருவியையும் வெளியிட்டன.

பையில் வைத்துக்கொண்டு நடக்கும்போது வன்தட்டு ஓயாமல் சுழன்றால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், அதிர்ச்சியும் ஆகாது. ஆர்க்கோஸ் கருவியில் இதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். தட்டு கொஞ்ச நேரம் சுழன்று பாட்டின் ஒரு பகுதியை 2 மெகாபைட் நினைவகத்தில் கொட்டிவிட்டு நின்றுவிடும். அது தீரும் தறுவாயில் மறுபடி சுழலும்.

ஆனால் பாட்டுகளை ஏற்றுவதற்குப் பொறுமை வேண்டும். அன்றைய யூ.எஸ்.பி. இணைப்பின் உச்ச வேகமே நொடிக்கு 12 மெகாபிட்தான். 6 கிகாபைட்டை நிரப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

ஆர்க்கோஸ் கருவியில் உள்ளே இருந்த மென்பொருள் பலருக்குத் திருப்தி தரவில்லை. 2001-இன் இறுதியில் சுவீடனைச் சேர்ந்த சில நிரலர்கள், அந்தக் கருவியின் சொந்தக்காரர்கள், தாங்களே புதிதாக ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். நிறுவனம் எந்த விவரமும் கொடுக்கவில்லை. இருந்தாலும் இரண்டு விஷயங்கள் அவர்களுக்குச் சாதகமாக இருந்தன. ஒன்று, உள்ளே இருந்த ஹிட்டாச்சி செயலி உலகம் அறிந்த ஒன்று. மற்றொன்று, கருவியை இயக்கும்போது வன்தட்டில் புதிய மென்பொருள் கோப்பு இருக்கிறதா என்று அது பார்க்கும். இருந்தால் அதையே ஏற்றிக்கொள்ளும். அந்தக் கோப்பை அழித்தால் பழைய மென்பொருள் திரும்பிவிடும். ஆகவே துணிந்து சோதித்துப் பார்க்க முடிந்தது.

இப்படிப் பிறந்ததுதான் 'ராக்பாக்ஸ்'. யாரும் எடுத்துத் திருத்தலாம் என்ற பொது உரிமத்தில் அதை வெளியிட்டார்கள். விளையாட்டுகள் வந்தன. பட்டியல்களையும் கோப்புப் பெயர்களையும் குரலில் சொல்லும் வசதியும் வந்தது. திரையைப் பார்க்க முடியாத பார்வையற்றவர்களும் தாங்களே பாட்டைத் தேர்ந்தெடுத்துக் கேட்க அது வழி செய்தது. வன்தட்டும் பேட்டரியும் கடையில் கிடைக்கும் சாதாரண அளவில் இருந்ததால், பெரிய தட்டை வாங்கித் தாங்களே மாற்றிக்கொண்டவர்களும் உண்டு.

2001 அக்டோபரில் ஆப்பிள் தன் முதல் ஐபாடை அறிவித்தது. 2002-இல் ஆர்க்கோஸ் 'ஜூக்பாக்ஸ் மல்டிமீடியா' என்ற கருவியில் சின்ன வண்ணத்திரை வைத்துப் படமும் ஓடவிட்டது. ஆனாலும் சந்தையைப் பிடித்தது ஐபாட்தான். ராக்பாக்ஸ் பல ஐபாட்களிலும் ஏறியது. 2006-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஐபாட் நானோவில் ஆப்பிள் தன் மென்பொருளைக் குறியாக்கம் செய்து பூட்டிவிட்டது. அந்தப் பூட்டைத் திறக்க நிரலர்களுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

2022 மே மாதத்தில் ஐபாட் வரிசையே முடிவுக்கு வந்தது. இன்று பெரும்பாலோர் மாதச் சந்தா கட்டி இணையம் வழியே பாட்டுக் கேட்கிறார்கள். தேடிய பாட்டு உடனே கிடைக்கிறது, வசதிதான். சந்தா நின்றால் சேர்த்து வைத்த பட்டியலில் உள்ள பாட்டுகளும் கைவிட்டுப் போகும். 6000-இன் சொந்தக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. நான்கு புது பேட்டரி போட்டு, தட்டு பழுதாகாமல் இருந்தால், 2000-ஆம் ஆண்டில் ஏற்றிய பாட்டு இன்றும் அதில் பாடும்.