நிலம் உப்பான பிறகு வந்த பெட்டி

அம்மாவுக்குத் தெரிந்த குளிர்பெட்டி நனைத்த சணல் சாக்குதான். விடியுமுன் அரிக்கேன் வெளிச்சத்தில் தண்டுக்கீரையை வேரோடு பிடுங்கிக் கட்டுவாள். ஈரச் சாக்கில் சுருட்டிக் கூடையில் அடுக்கி, மேலே வாழையிலை போட்டு மூடுவாள். தெற்கு அந்தமானின் சிப்பிகாட்டில் பஸ் ஏறி மோகன்புரா சந்தையில் இறங்கும்போது கீரை வயலில் நின்றது போலவே இருக்கும். பிடுங்கி மூன்று மணி நேரத்துக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். அதற்கு ஐஸ் எதற்கு?

இன்று என் கடையில் கூரைவரை தெர்மாகோல் பெட்டிகள் நிற்கின்றன. போனில் வரும் ஆர்டரைக் கராச்சர்மா, டாலிகஞ்ச் வீடுகளுக்கு ஸ்கூட்டரில் அனுப்புகிறேன். ஊர் முன்னேறியதால் இந்தப் பெட்டிகள் வந்தன என்று என்னோடு வேலை செய்யும் பையன்கள் நம்புகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்டிக்கு வேலை வைத்தது 2004 டிசம்பர் 26.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சுனாமி அலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் ஊரை அழித்தது அலை மட்டுமில்லை. நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரையே ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. அலை திரும்பிப் போனது, தண்ணீர் போகவில்லை. ஓடை வழியாக ஒவ்வொரு ஏற்றத்திலும் கடல் உள்ளே வந்து நெல் வயலில் நின்றது. அம்மாவின் கீரைப் பாத்தியும் தென்னை வரிசையும் பக்கத்து வீடுகளும் அதற்குள் போயின. கொஞ்ச நாளில் வடிந்துவிடும் என்று அவள் விதையைத் துணியில் முடிந்து வைத்திருந்தாள். தென்னைகள் தலையிழந்து மொட்டையாக நின்றன. இப்போது அங்கே கொக்கும் நாரையும் மேய்கின்றன. பறவை பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். எனக்கு அந்தத் தண்ணீருக்கு அடியில் வரப்பு தெரியும்.

வயல் போன வீடு காயை விலைக்கு வாங்கியாக வேண்டும். காய் கப்பலில் வரும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,190 கி.மீ., மூன்று நாள் கடல். புயல் எச்சரிக்கை வந்தால் அதுவும் தள்ளிப்போகும். உருளையும் வெங்காயமும் தாங்கும். பீன்ஸ் தாங்காது. ஹேடோ துறையில் இறங்கும்போதே அதன் ஆயுளில் பாதி கரைந்திருக்கும். மீதிப் பாதியை வீட்டு வாசல்வரை காப்பதுதான் என் தொழில்.

இந்தத் தொழிலின் மூத்த கதையை முதலில் எனக்குச் சொன்னவர் அப்பா. ஜங்கிலிகாட் மீன் துறையில் ஐஸ் உடைப்பவர். 1986-ல் சென்னைக்குக் கூட்டிப்போனபோது மெரினா கடற்கரை எதிரே வளைந்த முகப்புள்ள கட்டிடத்தைக் காட்டி, "இதுதாண்டா ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவுல இருந்து ஐஸ் வந்து இறங்கின இடம்" என்றார். நான் நம்பவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பாஸ்டன்காரரான பிரடெரிக் டூடர் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து ஐஸ் விற்றவர். 1833 மே மாதம் அவருடைய சரக்கு 180 டன், டஸ்கனி என்ற கப்பலில் கிளம்பியது. பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியிருந்தது. சென்னைக் கிடங்கு 1840-களில் எழுந்தது. நீராவியில் ஐஸ் செய்யும் ஆலைகள் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. விவேகானந்தர் 1897-ல் தங்கியதால் அந்தக் கட்டிடம் இன்று விவேகானந்தர் இல்லம். திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு மட்டும் அந்தப் பக்கம் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான்.

டூடர் கப்பலில் எந்த இயந்திரமும் இல்லை. இடைவெளி விடாமல் ஐஸை நெருக்கி அடுக்கினார்கள், சுற்றிலும் மரத்தூளும் வைக்கோலும் திணித்தார்கள். அவ்வளவுதான் வித்தை. அப்பாவும் அதையேதான் செய்தார். 1883-ல் தொடங்கிய சாத்தம் மர ஆலை இருக்கும் ஊரில் மரத்தூளுக்கா பஞ்சம்? ஐஸ் பாரை மரத்தூளில் புதைத்துச் சாக்கு போட்டு மூடுவார். சாக்கைத் தூக்கிப் பார்த்தால் அடி விழும். ஒரு கிலோ ஐஸ் கரைவதற்கு இழுத்துக்கொள்ளும் சூடு, ஒரு கிலோ பச்சைத்தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகப் போதும். அந்தப் பலத்தை வெறும் காற்றுக்குக் கொடுத்து வீணாக்கக் கூடாது என்பதை அவர் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்தார். மீன் பெட்டியின் அடியில் ஓட்டை வைப்பார். கரைந்த நீரில் ஊறினால் மீன் சதை கெட்டுவிடும்.

2020 ஆகஸ்ட் 10-ல் சென்னையிலிருந்து கடலடி இணையக் கேபிள் வந்தது, மற்ற தீவுகளுக்குப் போவதையும் சேர்த்து ஏறத்தாழ 2,300 கி.மீ. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பி, ஒரு படம் திறக்கக் காத்துக் கிடந்த தீவு இது. கேபிள் வந்தபின் ஆர்டர் நொடியில் வருகிறது. காய் இன்னும் அதே மூன்று நாள் கடலைத் தாண்டித்தான் வருகிறது.

கடை தொடங்கிய முதல் வருடம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, நிறைய ஐஸும் போட்டு அனுப்பினேன். கராச்சர்மாவில் ஒரு அக்கா போன் செய்தார். "தம்பி, பால் ஜில்லுன்னு நல்லா இருக்கு. வெண்டைக்காய்தான் அங்கங்க கறுத்து, பிசுபிசுன்னு இருக்கேப்பா?" அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. வெண்டை, கத்தரி, வெள்ளரி எல்லாம் வெப்ப நாட்டுக் காய். பத்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் அவற்றின் சதை அடிபடும். வாடல் போலவே குளிரும் ஒரு காயம்தான் என்று அந்த அக்காவிடம் கற்றேன். இப்போது மீனுக்கு ஐஸ் நிறைத்த, அடியில் ஓட்டை உள்ள பெட்டி, கீழே தனித் தட்டு. பாலுக்கும் தயிருக்கும் ஜெல் பை. வெண்டைக்கும் கத்தரிக்கும் நிழலும் காற்றோட்டமும் மட்டும். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை மீன் அனுப்புவதில்லை. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வரக்கூடாது, கையில் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று நாள் கடலில் காத்த காய் வாசல் வெயிலில் அரைமணி நேரத்தில் துவண்டுவிடும்.

கீரையில்தான் தோற்றுக்கொண்டிருந்தேன். ஜெல் பை பட்ட இலை கறுத்தது, வைக்காவிட்டால் துவண்டது. அம்மா ஒருநாள் கடைக்கு வந்து, பெட்டியைத் திறந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது பழைய சணல் சாக்கு ஒன்றைச் சதுரமாக வெட்டிக்கொண்டு வந்தாள். குழாயில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, கட்டைச் சுருட்டிக் காட்டினாள். வேர்ப்பக்கம் மட்டும் இன்னொரு கை தண்ணீர் தெளித்தாள்.

வண்டிக்குப் பத்துச் சாக்குத் துண்டு இப்போது கணக்கு. மாலையில் திரும்பி வந்ததும் பையன்கள் அவற்றை அலசி, உப்புத் தண்ணீர் நிற்கும் பக்கம் பார்த்த கொடியில் காயப்போடுகிறார்கள்.