பன்றியின் கழுத்தும் மனிதனின் விரலும்

கி.பி. 2ஆம் நூற்றாண்டு ரோம் நகரில், சிரியாவிலிருந்து வந்த பௌசானியஸ் என்ற அறிஞருக்குச் சுண்டுவிரலும் மோதிர விரலும் நடுவிரலில் பாதியும் மரத்துப்போயின. மருத்துவர்கள் விரல்களிலேயே மருந்து போட்டுப் பார்த்தார்கள், குணமாகவில்லை. அடுத்து வந்த மருத்துவர் கேலன் விரலைப் பற்றிக் கேட்கவில்லை. எங்காவது அடிபட்டதா என்றுதான் கேட்டார். வண்டியிலிருந்து விழுந்தபோது மேல்முதுகு கல்லில் மோதியது தெரியவந்தது. கடைசிக் கழுத்து முள்ளெலும்புக்குக் கீழே புறப்படும் நரம்பு அதன் வேரிலேயே பழுதாகியிருக்கிறது என்று முடிவுகட்டி, விரலில் பூசிய மருந்தையே முதுகெலும்பின் மேல் போட வைத்தார். உணர்வு திரும்பியது. இதை எழுதி வைத்தவர் கேலனேதான். அடக்கத்துக்குப் பெயர்போனவர் அல்ல. மருந்துதான் குணப்படுத்தியது என்று நம்ப வேண்டியதில்லை, ஆனால் இடக்கணிப்பு சரி. மனிதக் கழுத்தில் முள்ளெலும்பு ஏழு, நரம்பு இணைகள் எட்டு. எட்டாவது இணை ஏழாம் எலும்புக்கு அடியில் வெளிவந்து, கையின் சுண்டுவிரல் பக்கத்துக்கு உணர்வு தருகிறது.

இது அவருக்கு எப்படித் தெரிந்தது? பன்றிகளையும் குரங்குகளையும் உயிரோடு அறுத்துத் தெரிந்துகொண்டார். தண்டுவடத்தைத் தலையையொட்டி வெட்டினால் விலங்கு உடனே செத்தது. கழுத்தின் நடுவில் வெட்டினால் மூச்சு நின்றது. கழுத்தின் அடியில் வெட்டினால் விலா அசைவு மட்டும் நின்றது. உதரவிதானம் தொடர்ந்து இயங்கியது. உதரவிதான நரம்பு நடுக்கழுத்திலிருந்தே கிளம்பிவிடுவதுதான் காரணம். கழுத்து அடிபட்டுக் கைகால் விழுந்தவரை எகிப்தியர் முன்பே பார்த்திருக்கிறார்களே என்று கேட்கலாம். எட்வின் ஸ்மித் பெயரால் அறியப்படும், ஏறத்தாழ கி.மு. 1600ஆம் ஆண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் சுவடியில், கழுத்தெலும்பு பிசகி, கைகால் உணர்வற்று, சிறுநீர் தானாகச் சொட்டும் ஆளின் வர்ணனை துல்லியமாகவே இருக்கிறது. வைத்தியத்துக்கு அடங்காதது என்று அதை ஒதுக்கியதும் நேர்மைதான். ஆனால் அது விபத்து காட்டியதைக் குறித்துக்கொண்ட அறிவு. எந்த எலும்புக்குக் கீழே வெட்டினால் எது நிற்கும் என்று படிப்படியாக இறங்கிப் பார்த்தது கேலன்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. விலங்கை அறுத்து மனிதனைப் பற்றி எழுதினார் என்று 1543இல் உடற்கூறு அறிஞர் வெசாலியஸ் கேலனைச் சாடினார். மார்பெலும்பிலும் கீழ்த்தாடையிலும் மூளையடி ரத்தக்குழாய் வலையிலும் அந்தக் குற்றச்சாட்டு செல்லும், கழுத்தில் செல்லாது. ஸ்லாத், மனாட்டி போன்ற சில விலங்குகளை நீக்கினால், எலி முதல் ஒட்டகச்சிவிங்கி வரை பாலூட்டிகளுக்கெல்லாம் கழுத்தெலும்பு ஏழுதான். நீளம் மாறும், எண்ணிக்கை மாறாது. அதனால் பன்றிக் கழுத்தில் போட்ட கணக்கு மனிதக் கழுத்திலும் ஏறக்குறைய அப்படியே நின்றது. முதுகுக்கு இறங்கினால் இந்த ஒற்றுமை குலைகிறது: பன்றிக்கு முதுகு முள்ளெலும்பு 14 அல்லது 15, மனிதனுக்கு 12. கேலன் 12 என்றே எழுதினார். குரங்குக்கும் 12 உண்டு, அதைப் பார்த்துச் சொல்லியிருப்பார் எனலாம். ஆனால் இடுப்பு முள்ளெலும்பை ஐந்து என்று அவர் சரியாகச் சொன்னதற்கு, ஏழு இடுப்பு முள்ளெலும்புள்ள பார்பரிக் குரங்கு உதவியிருக்காது. மனித எலும்புக்கூட்டைப் பார்க்க அலெக்சாண்டிரியாவுக்குப் போகச் சொன்னவர் அவர். எலும்பை மனிதனிடமும் நரம்பின் வேலையை விலங்கிடமும் கற்றார் என்பதே பொருத்தம். கழுத்தில் அவர் தவறிழைக்காமல் போனது முழுக்கத் திறமையால் அல்ல, பாதி அதிர்ஷ்டம். வெசாலியஸின் விமரிசனத்தை மொத்தமாக ஏற்பவர்கள் இந்தப் பாதியைக் கவனிப்பதில்லை.

பௌசானியஸின் விரல்கள் உணர்விழந்தும் அசைந்தன. உணர்வுக்கும் அசைவுக்கும் வெவ்வேறு நரம்புகள் என்று கேலன் விளக்கினார். தண்டுவடத்தில் முன்வேர் அசைவுக்கு, பின்வேர் உணர்வுக்கு என்று அதை நிறுவிக் காட்ட 1822 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரிஸில் பிரான்சுவா மஜாந்தி அதை நாய்க்குட்டிகளின் முதுகைத் திறந்து நிறுவினார். அவருடைய சோதனைகள் இங்கிலாந்தில் கிளப்பிய கோபம் அவர் இறந்த பிறகும் தணியவில்லை. விலங்குச் சோதனைக்கு உரிமம் கேட்கும் சட்டம் அங்கே 1876இல் வந்தது.